நகரத்தில் எல்லாருக்கும் வீடு

(பொன்விழாக் கருத்தரங்கில், பங்கு உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நமக்கு முன் பேசியவர்கள் கோவில் எழும்பிய கதையை அழகாக எடுத்துரைத்தார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் வீடு. "கோவிலைப் பற்றிப் பேசினால் கைதட்டுவார்கள், வீட்டைப் பற்றிப் பேசினால் யாருடைய வீடு என்று கேட்பார்கள்" என்று எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் எச்சரித்தார். கேட்கட்டும் என்றுதான் வந்திருக்கிறோம்.

இந்த விழா மலருக்காகப் பங்குக் குடும்ப அட்டைகளை அடுக்கி எடுத்தபோது, அலமாரியின் அடித்தட்டில் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு கிடைத்தது. மேலே சிவப்பு மையில் 'இடம் பெயர்ந்தவர்கள்' என்று எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஆற்றோரத்துக் குடும்பங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கம் கொண்டுபோகப்பட்டவர்கள். நம் பீடச் சிறுவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டில் இருந்தார்கள். தேர் தூக்கிய தோள்களும் அதில்தான் இருந்தன.

சென்ற தவக்காலத்தில் நாங்கள் ஐந்து பேர் இரண்டு பேருந்து மாறி அவர்களைப் பார்க்கப் போனோம். எட்டு அடுக்குக் கட்டிடங்கள், வரிசை வரிசையாக. எந்தக் கட்டிடம் எது என்று எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மின்தூக்கி அன்று ஓடவில்லை. ஆறாவது மாடி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, நம் தெருவில் பல வருஷம் வீட்டுவேலை செய்த ஒரு தாய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வீடு எப்படியம்மா இருக்கிறது என்று கேட்டோம்.

"வூடு நல்லாத்தான் கீது அண்ணே. கரண்டு கீது, கக்கூஸ் கீது. ஆனா காலைல ஆறு மணிக்கு உங்க தெருவுல பாத்திரம் தேய்க்க இங்கேர்ந்து எப்படி வர்றது, சொல்லுங்க."

எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது நல்ல காரியம். காசு மிச்சமாகிறது; நேரம் மிச்சமாகவில்லை. போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றால் இரண்டு வீட்டு வேலை ஒரு வீடாகிறது. பின்பு அதுவும் நிற்கிறது. அவர் நின்றுவிட்டார்.

ஏழைக்கு வீடு கட்டித் தரவேண்டும் என்ற எண்ணம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று சுவரில் எழுதிவைத்துத்தான் வேலையை ஆரம்பித்தார்கள். அந்த முதல் காலத்துக் குடியிருப்புகளில் ஒரு விவேகம் இருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு எட்டின தூரத்திலேயே, நான்கு அடுக்கு மாடி எழுப்பினார்கள். நான்கு அடுக்கோடு நின்றதால் மின்தூக்கி தேவைப்படவில்லை. வீடு என்னவோ சிறியதுதான். இருநூற்றுச் சொச்சம் சதுர அடி. ஆனால் மீன்காரர் கடலுக்கு அருகிலும், சுமைகூலி சந்தைக்கு அருகிலும் இருந்தார்கள்.

கெட்டது எங்கே? பராமரிப்பில். கழிவுநீர்க் குழாய் உடைந்தால் யார் சரிசெய்வது, மோட்டார் கருகினால் யார் பணம் போடுவது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமலேயே சாவிகள் கைமாறின. முப்பது நாற்பது வருஷத்தில் சிமெண்ட் உதிர்ந்து உள்ளிருந்த கம்பி தெரிந்தது. அதைப் பார்த்த நம்மில் பலர், 'இவர்களுக்கு வீடு கொடுத்தால் இப்படித்தான்' என்று தீர்ப்புச் சொன்னோம். நம் அடுக்குமாடிகளில் மாதப் பராமரிப்புப் பணம் வசூலிக்க நம் சங்கச் செயலாளர்கள் படும் பாட்டை அப்போது வசதியாக மறந்துவிட்டோம்.

2000-ஆம் ஆண்டு முதல் வழி மாறியது. ஊருக்குள் நிலம் விலை ஏறிவிட்டது என்று, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பின்பு பெரும்பாக்கம் என நகரத்தின் தென்கோடியில் ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே இடத்தில் கட்டினார்கள். 2004 சுனாமியில் கரையோரத்தை இழந்தவர்களில் பலரையும் கடலை விட்டுச் செம்மஞ்சேரிக்குத்தான் அனுப்பினார்கள். வாரியத்தின் பெயர் 2021-ல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. பெயர் நல்ல பெயர். ஆனால் ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் குவித்தால் அந்த இடத்துக்கு ஊர் வேறொரு பெயர் வைத்துவிடுகிறது. வேலைக்கு மனுப்போடும் பிள்ளைகள் தங்கள் விலாசத்தை எழுதத் தயங்கி, உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுக்கிறார்கள். நம் பீடச் சிறுவனாக இருந்த ஒருவன் இதை எங்களிடம் சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு.

சரி, வேறு வழி இருந்ததா? இருந்தது. அதுவும் தூர தேசத்தில் இல்லை, நம் சென்னையிலேயே.

1977-ல் உலக வங்கியின் கடனுதவியோடு ஒரு திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு வீடு கட்டித் தரவில்லை. மனையும் வசதிகளும் தந்தது. சாலை, தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு இவற்றை முதலில் போட்டு, மனையைப் பிரித்து, நீண்ட தவணையில் கொடுத்தார்கள். மிகச் சிறிய மனைக்காரருக்கு ஒரு கழிப்பறையும் அதையொட்டிக் கொஞ்சம் கட்டுமானமும் மட்டும். மீதியை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்பா ஓலை போடுவார், மகன் ஓடு போடுவான், பேரன் தளம் போடுவான் என்ற கணக்கு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சாமர்த்தியங்கள் உண்டு. சிறிய மனைகளுக்குத் தெருமுகப்பைக் குறுக்கி உள்நீளத்தைக் கூட்டினார்கள். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் தெருவோடுதான் ஓடுகின்றன. முகப்பு இருபதடி உள்ள வீட்டுக்கு இருபதடிக் குழாய்; பத்தடி முகப்புக்குப் பத்தடி. தளக்கோலை மாற்றி வைத்ததிலேயே ஏழையின் பங்கு பாதியாகக் குறைகிறது. இதைச் செய்ய யாருடைய தயவும் வேண்டியதில்லை, யோசித்துக் கோடு போட்டால் போதும்.

இன்னொன்று விலை. அதே மனைப்பிரிவில் நடுத்தர வருவாய்க்காரருக்குப் பெரிய மனைகளும், பெரிய சாலையோரம் கடை மனைகளும் வைத்தார்கள். அவற்றைக் கூடின விலைக்கு விற்று, அந்த லாபத்தைச் சிறிய மனையின் விலையில் கழித்தார்கள். நம் தேர்த் திருவிழா வரியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதியுள்ளவர் கூடக் கொடுக்கிறார், இல்லாதவர் குறையக் கொடுக்கிறார். தேர் எல்லார் வாசலிலும் நிற்கிறது.

ஆரம்பத்தில் அந்த இடங்கள் வெறிச்சென்று கிடந்தன. வருஷக் கணக்கில் வீடு எழும்பாத மனைகளைக் காட்டி, திட்டம் தோற்றது என்றே பெரியவர்கள் எழுதினார்கள். பின்னால் உலக வங்கியும் இத்தகைய திட்டங்களைக் கைவிட்டது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்து எழுதப்பட்ட ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. சென்னையிலும் மும்பையிலும் அந்த இடங்கள் நிறைந்து, மரமும் கடையுமாய், பலதரப்பட்ட வருவாய்க்காரர் கலந்து வாழும் பேட்டைகளாகிவிட்டன என்று அது சொன்னது. நாமும் போய்ப் பார்த்தோம். அரும்பாக்கத்தில் ஓட்டோக்காரர் வீடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடும் இரண்டு தெரு இடைவெளியில் இருக்கின்றன. இருவரும் ஒரே கடையில் பால் வாங்குகிறார்கள். 2015 முதல் மெட்ரோ ரயிலும் அங்கே நிற்கிறது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டோம். முதலில் மனை வாங்கிய ஏழைகளில் பலர், விலை ஏறியபோது விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கல்யாணச் செலவு, வைத்தியச் செலவு என்று காரணங்கள் இருந்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஊர் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னை வந்தவர்கள்தாமே நாம்?

இதே எண்ணத்தை இன்னும் அழகாகச் செய்தவர் பாலகிருஷ்ண தோஷி. 1980-களில் இந்தூர் நகருக்கு வெளியே ஆரண்யா என்ற குடியிருப்பை வகுத்தார். ஏறத்தாழ 6,500 மனைகள். அவற்றில் நூற்றுக்கு 65 நலிந்த பிரிவினருக்கு. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். வசதியுள்ளவர்களின் மனைகளைப் பெரிய சாலைகளின் ஓரமாக வைத்தார். உள்ளே போகப் போக மனை சிறுக்கும், தெரு குறுகும், சிறு முற்றங்கள் வரும். எப்படிக் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகளும் கட்டினார். வாசலில் திண்ணை, மொட்டைமாடிக்கு வெளிப்படி, தையல் மெஷின் போட ஒரு முன்னறை என்று சிறிய வீட்டுக்கும் ஒரு கௌரவம் இருந்தது. அதற்கு 1995-ல் ஆகா கான் கட்டிடக்கலை விருது கிடைத்தது. 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரும் அவரே. 2023-ல் காலமானார்.

அவருடைய அமைப்பில் எங்களுக்குப் பிடித்தது அதன் அடக்கம். லட்சாதிபதியையும் கூலியாளையும் ஒரே படிக்கட்டில் நிறுத்தி, பழகுங்கள் என்று அவர் கட்டளையிடவில்லை. அவரவர்க்கு அவரவர் தெரு உண்டு. பள்ளி, கடை, மைதானம், பேருந்து நிறுத்தம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. பழகுவதும் பழகாததும் மக்கள் இஷ்டம். ஆனால் சாலையில் குண்டு குழி விழுந்தால் வசதியுள்ளவரும் மனுப்போடுவார். அந்த மனுவின் பலன் ஏழைக்கும் வந்து சேரும். பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடித் தாயின் மனுவோடு சேர்த்துக் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்?

கையெழுத்து என்றதும் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சபையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளத்துக்குச் சில வருஷம் முன்பு, நம் தெருவுக்குப் பின்புறம் உள்ள புறம்போக்கு நிலத்தில் ஆற்றோர மக்களுக்கு மாடி வீடு கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. நினைவிருக்கிறதா? 'போக்குவரத்து நெருக்கடி, சாக்கடை தாங்காது, பிள்ளைகள் கெட்டுவிடும்' என்று ஒரு மனு வீடு வீடாக வந்தது. நாங்கள் போட்டோம் கையெழுத்து. இந்த அவையிலும் பலர் போட்டீர்கள். மனுவை எழுதிக் கொடுத்தவரே இன்றைக்கு எங்கள் குழுவில் இருக்கிறார். சொல்லலாம் என்று அனுமதி கொடுத்ததும் அவரே. யோசனை கைவிடப்பட்டது. நம் மனுவால்தான் நின்றது என்று சொல்வதற்கில்லை. நின்றது, பிறகு வெள்ளம் வந்தது, லாரி வந்தது.

அந்த நிலம் இன்றும் காலியாகத்தான் கிடக்கிறது. இரவில் லாரிகள் நிற்கின்றன. சாக்கடை தாங்கவில்லைதான், வீடு வராமலேயே.

இப்போது அதன் பக்கத்தில் உள்ள பழைய நான்கு அடுக்குக் குடியிருப்பை இடித்துக் கட்டப் பேச்சு நடக்கிறது. இடிந்துவிழும் நிலையில் உள்ள பழைய குடியிருப்புகளை அதே இடத்தில் சற்றுப் பெரிய வீடுகளாகத் திரும்பக் கட்டுவது மற்ற பேட்டைகளில் நடந்துவருகிறது. இங்கேயும் அப்படியே நடக்க வேண்டும், ஒருவரும் ஊர்க்கோடிக்குப் போகக்கூடாது என்பது எங்கள் முதல் விருப்பம். அதோடு காலி நிலத்தையும் சேர்த்து ஒரே மனைப்பிரிவாக வகுக்கலாம். சாலை ஓரத்தில் கடைகளும் நடுத்தரக் குடும்பங்களுக்கு விலைக்கு வீடுகளும் வரட்டும். வாடகைக்குத் திண்டாடும் நம் இளம் தம்பதிகளே வாங்குவார்கள். அந்த வருமானத்தில் ஒரு பகுதியை, உள்ளே வரும் சிறிய வீடுகளின் மோட்டார், குழாய், படிக்கட்டுப் பராமரிப்புக்கென்று தனியே வைப்புநிதியாக வைக்க வேண்டும். சாவி கொடுக்கும் நாளிலேயே அதைச் செய்துவிட வேண்டும். பெரும்பாக்கம் போனவர்களில் திரும்பி வர விரும்புகிறவர்களுக்கும் அங்கே இடம் கேட்கிறோம்.

பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் ஒரு பங்கை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கவேண்டும் என்று நம் நகர விதிகளிலேயே இருக்கிறது. அதைப் பக்கத்தில் வேறோர் இடத்தில் காட்டித் தப்பிக்கும் வழியும் அதே விதியில் இருக்கிறது. அரசு நிலத்திலாவது அந்த வழியை அடைத்துக் காட்டலாமே என்று கேட்பதில் தவறில்லை.

நம் சொந்தக்காரர் சிலர், வீட்டின் விலை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. ஆயுள் முழுதும் கடன் கட்டிய வீடு. அவர்கள் ஒருமுறை அரும்பாக்கம் போய் மனை விலை விசாரித்துவிட்டு வரட்டும். எங்களோடு வந்தால் காபியும் வாங்கித் தருவோம்.

இந்தக் கோரிக்கைகளை ஒரு கடிதமாக எழுதியிருக்கிறோம். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கோவில் வாசல் மேசையில் இருக்கும். குடியிருப்பு மக்கள் தங்கள் பிரதியில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். படித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் போடுங்கள். மாற்றம் வேண்டுமானால் ஓரத்தில் எழுதுங்கள். கதவு எண்ணை மறக்காமல் குறிப்பிடவும். சென்ற முறை நம் மனுவில் எல்லாரும் மறக்காமல் குறிப்பிட்டிருந்தோம்.