வெட்டுத்துணியில் ஒரு பொம்மை

தையல் கடை வாசலில் மூட்டையாகக் கிடக்கும் வெட்டுத்துணியைப் பார்த்திருப்பீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லின் ‘உபாசனா’ ஆடை வடிவமைப்புக் கூடத்தினர் அந்த மாதிரித் துண்டுத் துணியைத்தான் பக்கத்து மீனவ கிராமப் பெண்களிடம் கொண்டுபோனார்கள். துக்கத்தில் உறைந்துபோயிருந்த கைகளுக்கு ஒரு வேலை. அப்படிப் பிறந்தவள் சுனாமிகா. விரல் நீளம்கூட இல்லாத பொம்மை. விலை கிடையாது, அன்பளிப்பாகத்தான் தருவார்கள். விருப்பப்பட்டவர்கள் தரும் நன்கொடையில்தான் காரியம் நடந்தது.

ஊசி பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் நம் தெருவிலும் ஏதாவது செய்யலாம். பழைய வேட்டியில் பை தைத்துக் காய்கறிக் கடையில் கொடுக்கலாம். பை சுலபம், பிடிதான் சங்கதி! ஒற்றைத் தையல் போட்டு நான் தைத்த முதல் பை, சந்தை நடுவில் தக்காளியை உருட்டிவிட்டது. பிடியின் முனையை உள்ளே மடித்து, சதுரமாகத் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு தையல் ஓட்டுங்கள். அப்புறம் அசையாது.

பள்ளி திறக்கும் வாரம் மரத்தடியில் உட்கார்ந்து சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துத் தரலாம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. மூட்டுவலியால் விரல் மடங்காத பாட்டிகளுக்கு ரவிக்கைக் கொக்கி பெரும்பாடு. அதை எடுத்துவிட்டு வெல்க்ரோ பட்டை வைத்துக் கொடுங்கள். முதலில் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்; பிரிக்கும்போது வரும் அந்தச் சத்தம் சிலருக்குப் பிடிப்பதில்லை.