வெடியோசையும் வாய் பேசா உயிர்களும்



தீபாவளியாயினும் சித்திரைப் புத்தாண்டாயினும் சீனவெடியின் ஓசை கேளாத தெருவை நம் நாட்டிற் காண்பதரிது. சில கணங்களில் எரிந்து முடியும் ஒரு வெடிச்சரம், கட்டிலின் கீழ்ப் பதுங்கிய நாயை விடியுமட்டும் வெளியே வரவிடாது. மனிதச் செவி, விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே உணரும். நாயோ 40,000 அதிர்வுகளையும் கடந்து கேட்கும். நமக்கு எட்டாத தொலைவோசையும் அதன் செவியில் விழும். ஓசைக்குக் காரணம் இன்னதென அதற்கு எடுத்துரைப்பார் எவருமிலர். ஆதலின் கட்டை அறுத்துக்கொண்டு ஓடுகின்றது.

பறவைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2010ஆம் ஆண்டின் இறுதி இரவில், அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்துப் பீபி என்னும் சிற்றூரில் ஆயிரக்கணக்கான கரும்பறவைகள் வானினின்றும் வீழ்ந்து மடிந்தன. அவை இரவிற் பார்வை குன்றிய இனம். வெடியோசைக்கு அஞ்சி உறைவிடம் விட்டெழுந்து, இருளில் வீடுகளிலும் மரங்களிலும் மோதின என்பதே ஆராய்ந்தோர் கண்ட முடிவு.

இதற்கு மாறாகவும் ஓர் ஊர் உண்டு. தமிழகத்துச் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்துள்ளது கொள்ளுக்குடிப்பட்டி. மாரிக்காலத்தில் நாரையும் கொக்கும் அங்குள்ள கண்மாய்களில் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். தீபாவளியும் அதே பருவத்தில் வருதலால், அவ்வூரார் பல பத்தாண்டுகளாக வெடி கொளுத்துவதில்லை. வெடிக்கு ஏங்குவது சிறுவர் இயல்பு. அச்சிறுவரும் இணங்கி நடப்பதே எனக்கு வியப்பு. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்குவதுமுண்டு.

இனி மனிதரைப் பற்றி. கந்தகப் புகையால் மூச்சிரைப்போர் துன்புறுவர், கைக்குழந்தைகள் வீறிட்டழும். இவை யாவரும் அறிந்தனவே. நாம் பேசத் தயங்குவது வேறொன்று. வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை எறிகணையோசையின் நடுவே வாழ்ந்தோர் பல்லாயிரவர். போர் ஓய்ந்தது என்பதை அறிவு அறியும், உடல் அறிவதில்லை. எதிர்பாராது ஒரு வெடி அதிர்ந்ததும் நெஞ்சு படபடக்கின்றது, கை நடுங்குகின்றது, கால்கள் பதுங்குகுழியைத் தேடுகின்றன. இதனைக் கோழைமையென நகைப்போரும் உளர், அது கொடுமை. உயிரைக் காத்த அதே எச்சரிக்கையுணர்வுதான் இன்றும் அவ்வுடலில் விழித்திருக்கின்றது.

வெடியே கூடாதென யான் கூறவரவில்லை. எதிர்பாராத ஓசையே மிகவும் வருத்துவது. ஆகவே கொளுத்தும் நேரத்தை அயல்வீட்டாருக்கு முன்னரே சொல்லி, அந்நேரத்துள் முடித்துவிடலாம். நாயை உள்ளறையில் விட்டு, யன்னலைச் சாத்தி, வானொலியைச் சற்றே ஒலிக்க விடுங்கள். நள்ளிரவு வெடியை மட்டுமேனும் இவ்வாண்டு விட்டுவிடுங்கள்.