எண் மட்டும் போதாது: ஒரு ஃபங்ஷன் பிளாக் கதை

இன்னைக்குக் கதை கடலூர்–சிதம்பரம் ரோட்டுல நடக்குது. அந்த ரூட் பஸ்ல போயிருக்கீங்களா? கடலூர் முதுநகரைத் தாண்டினா சிப்காட். கெமிக்கல் ஆலைகள் வரிசையா இருக்கும். பக்கத்துலயே குடிகாடு, ஈச்சங்காடுன்னு ஊர்கள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

நான் சிதம்பரத்துல, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சவன். முதல் வேலை ஒரு ஆலையில. பேர் வேண்டாம். ஒரு ரியாக்டரோட வெப்பநிலையைக் கட்டுப்படுத்த ஃபங்ஷன் பிளாக் எழுதச் சொன்னாங்க.

ஃபங்ஷன் பிளாக்னா என்ன? உங்க வீட்டு மொட்டை மாடித் தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க. தண்ணி குறைஞ்சா மோட்டார் ஓடணும், நிறைஞ்சா நிக்கணும். இந்த அறிவை ஒரு பெட்டிக்குள்ள போட்டுடுங்க. இடது பக்கம் தகவல் உள்ளே வரும், வலது பக்கம் கட்டளை வெளியே போகும். நடுவுல நடந்ததைப் பெட்டி ஞாபகமும் வச்சுக்கும். ஒரு தடவை எழுதினா போதும், பத்துத் தொட்டிக்கும் பயன்படுத்தலாம். 1993-ல வந்த ஐஇசி 61131-3 தரநிலை இதை உலகம் முழுக்கப் பொதுவாக்கிச்சு.

நானும் அப்படி ஒரு பெட்டி எழுதினேன். சூடு குறைஞ்சா நீராவி வால்வைத் திற, கூடினா மூடு. டெஸ்ட்ல அழகா ஓடிச்சு.

ஒரு நைட் ஷிஃப்ட். திரையில வெப்பநிலை திடீர்னு பூஜ்யம். என் பெட்டி, 'ஐயோ, ஆறிப்போச்சு'ன்னு வால்வை முழுசாத் திறந்துடுச்சு. உண்மையில ஆறலை. சென்சார் ஒயர் கழன்டிருந்துச்சு, அவ்வளவுதான். பக்கத்துல இருந்த சீனியர் ஆபரேட்டர் அண்ணன் மேனுவலுக்கு மாத்தி வால்வை மூடினார். "தம்பி, கடலூர்ல எந்த ராத்திரியாவது பூஜ்யம் டிகிரி பாத்திருக்கியா?"ன்னு கேட்டார். எனக்குக் கை நடுங்கிட்டு இருந்துச்சு.

தப்பு என்னோடது. அந்த சென்சார் 4-ல இருந்து 20 மில்லியாம்பியர் வரைக்கும் மின்னோட்டம் அனுப்பும். ஏன் பூஜ்யத்துல ஆரம்பிக்காம 4-ல? குறைஞ்ச அளவுலயும் 'நான் உயிரோட இருக்கேன்'னு சொல்றதுக்காக. 4-க்கு ரொம்பக் கீழே போனா அது குளிர் இல்லை, கோளாறு. நான் எண்ணை மட்டும் வாங்கினேன், அந்த எண்ணை நம்பலாமான்னு கேட்கவே இல்லை.

ஃபவுண்டேஷன் ஃபீல்டுபஸ் மாதிரி அமைப்புகள்ல ஒவ்வொரு அளவோடயும் அதோட நிலையும் சேர்ந்தே பயணம் பண்ணும்: நல்லது, சந்தேகம், கெட்டது. நானும் என் பெட்டியில அப்படி ஒரு நுழைவு சேர்த்தேன். நிலை கெட்டதுன்னா வால்வு மூடும், அலாரம் அடிக்கும், முடிவு மனுஷன் கைக்கு வரும்.

2005-ல வந்த ஐஇசி 61499 இன்னும் ஒரு படி மேல. அதுல தகவலுக்கு ஒரு கோடு, 'இப்போ வேலை செய்'ங்கற ஈவென்ட்டுக்குத் தனிக் கோடு. பெட்டிகளை வேற வேற கருவிகள்ல வச்சும் ஒரே வேலையைப் பிரிச்சுச் செய்யலாம். ஆனா பெட்டி எவ்வளவு புத்திசாலியா இருந்தாலும், 'இந்தத் தகவல் பொய்யா இருந்தா?'ங்கற கேள்வியை நாமதான் உள்ள வைக்கணும்.

இப்பவும் அந்த பஸ்ல போறப்போ ஈச்சங்காடு வந்தா ஜன்னல் வழியா வீடுகளைப் பார்ப்பேன். என் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க அவங்கதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.