வாய்க்குள் போடும் கணக்கு



பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ஆயினும் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளிடம் நாம் காணும் ஒரு பழக்கம் மாறவில்லை. கணக்குப் போடும்பொழுது வாய்க்குள் முணுமுணுப்பார்கள். வகுப்பில் அதை அதட்டி அடக்குவதே வழக்கம். உண்மையில் அப்பொழுதுதான் பிள்ளை சிந்திக்கிறது.

சோவியத் உளவியலறிஞர் வைகாட்ஸ்கி, தாம் மறைந்த 1934ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இதனை விளக்கினார். குழந்தை முதலில் பிறரோடு பேசுகிறது. பின்னர் தனக்குத்தானே உரக்கப் பேசித் தன் வேலையை நடத்துகிறது. அப்பேச்சே நாளடைவில் ஒலியடங்கி உட்பேச்சாகிறது.

அந்த உட்பேச்சு எந்த மொழியில் நிகழ்கிறது என்பது முக்கியம். 'பதினொன்று' என்றால் பத்தும் ஒன்றும் காதிலேயே விழுகின்றன. 'இலெவன்' என்பதில் பத்து மறைந்து நிற்கிறது. நம் நாட்டில் 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்காலத்தில் வீட்டில் தமிழ் மட்டுமே பேசிய பிள்ளை, கணக்கையும் அதைச் சொல்லும் மொழியையும் ஒருசேரச் சுமந்தது. பின்னர் தமிழ்ப்பள்ளிகளில் அவை படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின.

பிற மொழிகளும் பிள்ளைக்கு வேண்டும். இடைநிலைப் பள்ளியில் கணக்கு வேறு மொழியில்தான் தொடரும். கருத்து தெளிவாகப் பதிந்துவிட்டால் புதிய சொல் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை முணுமுணுத்தால் தடுக்காதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது அப்பொழுதே தெரிந்துவிடும்.