நடப்பதற்கு நேரமும் இடமும்



திருநாவுக்கரசர் பெருமான் உழவாரப்படையைக் கையில் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களில் முளைத்த புல்லைச் செதுக்கியவர். ஊர் ஊராக நடந்தே தலங்களை வழிபட்டவர். உடலுழைப்பும் வழிபாடும் அவரிடத்தில் வேறு வேறாக இருக்கவில்லை.

ஜொகூர்த் தமிழரின் முன்னோரும் நடந்தவர்களே. ஆனால் அது வயிற்றுப்பாட்டுக்கான நடை. குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, 400, 500 ரப்பர் மரங்களைச் சீவி, பால் வாளிகளைக் காண்டாவில் சுமந்து வந்தனர். அவர்களுக்குக் கிடைத்த கூலியையும் தேய்ந்துபோன முழங்கால்களையும் அறிந்தவர் அவ்வாழ்வைப் பொற்காலம் என்று பாட மாட்டார். ஆயினும் கால்கள் ஓடியாடின.

பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் ஆகிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். உழைப்பு குறையவில்லை, நடைதான் குறைந்தது. இயந்திரத்தின் முன் நாள் முழுதும் ஒரே இடத்தில் நிற்பவருக்குக் கால் வலிக்கும், மூச்சு வாங்காது. இதயத்திற்கு அதனால் விளையும் நன்மை சிறிதே.

பெரியவர்கள் வாரந்தோறும் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறை. மலேசியாவில் 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களுள் 29.9 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. 2019ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டில் நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியரிடையே மட்டும் 31.4 விழுக்காடு! ஏறத்தாழ மூவரில் ஒருவர். இதனைச் சோம்பல் என்று இகழ்வோர் உண்டு. அவ்வாறு கூறுவது அறியாமையாகும்.

சிங்கப்பூரில் பணிபுரியும் தொழிலாளி இருள் பிரியுமுன் பாலத்தைக் கடக்கிறார். இருண்டபின் வீடு திரும்புகிறார். 2014 முதல் 2024 இறுதிவரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தமையால், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு வெள்ளி, சிங்கப்பூரில் வேலை செய்யும் தந்தைக்கு ஞாயிறு என்று குடும்பம் பிரிந்தே ஓய்ந்தது. அவருடைய மனைவியின் நிலையோ இன்னும் கடினம். வேலை முடிந்து வந்தால் சமையல், பிள்ளைகள், முதியோர். அடுக்குமாடி வீட்டின் கீழே நடைபாதை இல்லை, வெளிச்சம் இல்லை, மோட்டார் சைக்கிள்கள் விரையும். உலகெங்கும் 2022இல் போதிய உடலியக்கமின்றி இருந்தோர் பெண்களில் 34 விழுக்காடு, ஆண்களில் 29 விழுக்காடு. அவ்வேறுபாட்டின் காரணத்தை இங்குள்ள தாய்மார்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

பூங்காக்கள் இல்லாமலில்லை. ஜொகூர் பாருவில் ஹூத்தான் பண்டார் உண்டு. குளுவாங்கில் குனோங் லம்பாக் உண்டு. அங்கே செல்ல வாகனமும் ஓய்வான ஒரு காலைப்பொழுதும் வேண்டும். அவை உள்ளவருக்கே அவ்விடங்கள் பயன்படுகின்றன.

ஆலயத்திலோ மதில் உண்டு, விளக்கு உண்டு, தெரிந்த முகங்கள் உண்டு. பெண்கள் அச்சமின்றி வருவர். காலைப் பூசைக்கு முன்னும் மாலைப் பூசைக்குப் பின்னும் அரைமணி நேரம் வளாகத்தைத் திறந்து வைத்தால், வாரத்தில் ஐந்து நாள் நடப்பவருக்கு அந்த 150 நிமிடம் நிறைவேறும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இளைஞர் பகுதியினர் இருவர் முன்வந்தால் இளந்தாய்மாரும் கலந்துகொள்ளலாம். உழவாரப் பணியையும் ஆண்டுக்கொரு முறை என்றில்லாது மாதந்தோறும் நடத்தலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆண்டு முழுதும் நடவாதிருந்து, தைப்பூசத்தன்று காவடியோடு சுடுதார்ச்சாலையில் வெறுங்காலுடன் செல்வோருள் நீரிழிவு உடையோரும் உளர். பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்குக் கொப்புளம் எழுந்ததே தெரியாது. அது புண்ணாகிக் காலையே இழக்க நேரிடும். ஆகவே அத்தகையோர் கல்தரை சூடேறுமுன் நடத்தல் வேண்டும். வெளிமதிலைச் சுற்றுவோர் காலணி அணியலாம். வீடு திரும்பியதும் உள்ளங்கால்களை விளக்கொளியில் பார்த்தல் வேண்டும், கண் மங்கியவருக்கு வீட்டிலுள்ள வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.