சுயாதீனக் கலைஞரும் முகவர் நிலையமும்

ஆங்கிலத்தில் ‘ஃபிரீலான்ஸ்’ என்றொரு சொல் வழங்குகின்றது. ‘லான்ஸ்’ என்பது ஈட்டி. எந்த மன்னனுக்கும் நிலையாகக் கட்டுப்படாது, கூலி தருவோன் எவனோ அவன் பக்கம் நின்று பொருத ஈட்டி வீரனையே இச்சொல் முதலிற் குறித்தது. 1819 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘ஐவன்ஹோ’ என்னும் நாவலில் சேர் வால்டர் ஸ்கொட் இதனை ஆண்டார். ஈட்டி மறைந்து தூரிகையும் பேனாவும் அதனிடத்தைப் பெற்ற பின்னரும் சொல் நிலைத்துவிட்டது. தமிழில் அத்தகையோரைச் சுயாதீனக் கலைஞர் என்கின்றோம்.

ஈட்டி வீரனுக்கு இருந்த கவலைகள் இரண்டு. அடுத்த போர் எங்கே? கூலி கைக்கு வருமா? சித்திரக்காரருக்கும், எழுத்தாளருக்கும், நூல் வடிவமைப்போருக்கும், புகைப்படக்காரருக்கும் உள்ள கவலைகளும் அவையே. கலைத்திறன் ஒன்று, அதனை விலைபேசும் திறன் வேறொன்று. இரண்டும் ஒருவரிடத்தே அமைவது அரிது. நாளின் முற்பகுதியை வேலை தேடுவதிலும் பிற்பகுதியைப் பணங்கேட்டு அலைவதிலும் கழிப்பவருக்குத் தூரிகையை எடுக்க நேரம் ஏது? இவ்விடத்திலேதான் ஆளணி முகவர் நிலையம் நடுவே வந்து நிற்கின்றது. அது கலைஞருக்குத் துணையா, தளையா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இத்தகைய நிலையங்கள் முதலிற் கலைஞருக்கென்று தோன்றியவை அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க அலுவலகங்களில் வேலை குவிந்தது. 1946 இல் டெற்றொயிற் நகரில் வில்லியம் ரசல் கெலி என்பார் அலுவலகப் பணிகளுக்கு உதவும் நிலையமொன்றைத் தொடங்கினார். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் அறிந்த பெண்களை வேண்டும் இடத்திற்கு அனுப்புவது விரைவில் அதன் தொழிலாயிற்று. 1948 இல் மில்வோக்கி நகரில் வழக்கறிஞர் இருவர் ‘மான்பவர்’ என்னும் நிலையத்தை நிறுவினர். அவசரமாகத் தட்டெழுத வேண்டிய வழக்குப் பத்திரமொன்றிற்கு ஆள் கிடையாது அல்லலுற்ற அனுபவமே அவர்களை அதற்குத் தூண்டிற்று என்பர்.

கலைத்தொழில் இம்முறைக்குள் வந்தது பிற்காலத்தில். 1984 இல் மக்கின்ரொஷ் கணினி விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர், அச்சகம் முழுவதும் பரந்து கிடந்த பக்க அமைப்பு வேலையை ஒரு மேசையின் மேலேயே முடிக்கலாம் என்றாயிற்று. ஆயின் அக்கருவியைக் கையாளத் தெரிந்தோர் சிலரே. 1986 இல் ஹாவட் பல்கலைக்கழக மாணவர் சிலர் தொடங்கிய தொழிலொன்று, அத்தகையோரை வேண்டுவோரிடம் அனுப்பும் ‘மக்ரெம்ப்ஸ்’ என்னும் நிலையமாக வளர்ந்தது. அதுவே பின்னர் ‘அக்குவென்ற்’ எனப் பெயர் மாறிற்று. அதனையொத்த பல நிலையங்கள் இன்று பெருநகரங்களிலே தொழில் நடத்துகின்றன.

இவை இயங்கும் முறை எளியது. விளம்பர நிறுவனம் ஒன்றிற்கு மூன்று மாதத்திற்கு ஒரு வடிவமைப்பாளர் தேவை. அது முகவர் நிலையத்திற்குச் சொல்கின்றது. நிலையம் தன்னிடம் பதிந்துள்ளோரின் ஆக்கத் தொகுப்புகளைப் பார்த்துத் தக்க ஒருவரை அனுப்புகின்றது. மணித்தியாலத்திற்கு அறுபது டொலர் என நிறுவனத்திடம் வாங்கினால், நாற்பது டொலர் கலைஞருக்குப் போகலாம். எஞ்சிய இருபதிலே வரி, காப்புறுதி, நிலையத்தின் செலவு, இலாபம் யாவும் அடங்கும். உதாரணத்திற்காகச் சொன்ன கணக்கு இது; வீதம் இடத்துக்கிடம் வேறுபடும். நிறுவனம் தன் பணத்தை மாதங்கழித்துக் கொடுத்தாலும் கலைஞருக்கு வாரந்தோறும் சம்பளம் வருவது இம்முறையின் பெரும் ஆறுதல்.

இங்கே ஒரு நீதி கவனிக்கத்தக்கது. வேலை தேடுவோரிடம் முகவர் கட்டணம் வாங்கலாகாது என்பதே சர்வதேசத் தொழில் தாபனம் 1997 இல் நிறைவேற்றிய 181 ஆம் இலக்கச் சமவாயத்தின் பொது விதி. எனவே, “முதலில் பதிவுப் பணம் கட்டுங்கள், பின்னர் வேலை தேடித் தருகின்றோம்” என்று கூறும் முகவரைக் கண்டால் எச்சரிக்கை வேண்டும். விதிக்கு விலக்கு உண்டு. பிரித்தானியச் சட்டம் நடிப்பு, இசை போன்ற துறைகளிலும் மாதிரி அழகியர் துறையிலும் சில நிபந்தனைகளுடன் கட்டணத்தை அனுமதிக்கின்றது. விலக்கு எது, விதி எது என அறியாதவரே ஏமாறுகின்றனர்.

தொழிலைத் தொடங்கும் இளைஞருக்கு இந்நிலையங்களால் நன்மை பல. ஓராண்டில் நான்கைந்து அலுவலகங்களின் நடைமுறையை அவர் அறிகின்றார். தம் வேலைக்குச் சந்தையில் என்ன விலை என்று தெரிந்துகொள்கின்றார். அறிமுகமில்லாத வாயில்கள் அவருக்குத் திறக்கின்றன. இவ்வளவையும் மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் திறந்த வாயிலின் உள்ளே அவர் எந்த நிலையில் அமர்கின்றார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியன்றோ?

இக்கேள்விக்கு விடையாக அமைந்தது, அமெரிக்காவின் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தில் எழுந்த வழக்கு. 1980 களின் பிற்பகுதியில் அந்நிறுவனம் பதிப்பு வேலை செய்வோர், பிழை திருத்துவோர், பக்கம் அமைப்போர், சொல்லடைவு தொகுப்போர், மென்பொருளைச் சோதிப்போர் ஆகிய பலரைச் சுயாதீனத் தொழிலாளராக அமர்த்தியது. தாம் ஊழியர் அல்லர், தமது வரியைத் தாமே செலுத்துவோம் என்று அவர்கள் கையொப்பமிட்டனர். ஆயின் அவர்கள் செய்தது என்ன? நிரந்தர ஊழியரோடு ஒரே கூடத்தில் இருந்தனர். ஒரே மேற்பார்வையாளரின் கீழ், ஒரே வேளைகளில், ஒரே வகை வேலையைச் செய்தனர். ஊழியருக்குக் கிடைத்த சேமிப்புத் திட்டமும், சலுகை விலையிற் பங்கு வாங்கும் உரிமையும் மட்டும் அவர்களுக்கு இல்லை.

1989 இலும் 1990 இலும் வரித் திணைக்களம் இதனை ஆராய்ந்து, இவர்கள் உண்மையில் ஊழியரே எனக் கண்டது. அப்பொழுது நிறுவனம் சிலரை நிரந்தரமாக்கிற்று. மற்றையோர் முன் இரு வழிகளை வைத்தது: ஒன்று, வேலையை விடலாம், அல்லது முகவர் நிலையமொன்றின் ஊழியராக மாறி முன்னைய வேலையையே தொடரலாம். பலர் இரண்டாவதை ஏற்றனர். மேசை மாறவில்லை, வேலை மாறவில்லை, சம்பளச் சீட்டில் இருந்த பெயர் மட்டும் மாறிற்று. அவர்கள் அணிந்த அடையாள அட்டையின் நிறமும் வேறாயிருந்தது.

1992 இல் அவர்களிற் சிலர் வழக்குத் தொடுத்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1997 இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முகவர் நிலையத்தின் சம்பளப் பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதால் மட்டும் அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் ஊழியர் அல்லராகிவிடமாட்டார் என்று 1999 இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. 2000 ஆம் ஆண்டு டிசெம்பரில் நிறுவனம் 9 கோடியே 70 இலட்சம் டொலர் கொடுக்க இசைந்தது. வழக்கின் பயன் ஆயிரக்கணக்கானோரைச் சேர்ந்தது.

ஆயின் கதை அங்கு இனிதே முடியவில்லை. அதே 2000 ஆம் ஆண்டில் நிறுவனம் புதிய விதியொன்றைக் கொண்டுவந்தது. முகவர் வழி வந்தவர் ஓராண்டு வேலை செய்தபின் நூறு நாள் வெளியே இருத்தல் வேண்டும். பழைய உரிமைக்காகப் போராடியோர் வென்றனர். அடுத்து வந்தோரோ மூன்று மாதத்திற்கு மேலாக வேறு பிழைப்புத் தேட நேர்ந்தது. சட்டம் ஒரு கதவைத் திறக்க, கணக்கு மற்றொன்றை அடைக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

சம்பளத்தைப் போலவே படைப்புரிமையும் முதன்மையானது. 1985 இல் வீடற்றோருக்கு உதவும் வாஷிங்டன் சங்கமொன்று, ஜேம்ஸ் ஏர்ள் றீட் என்னும் சிற்பியிடம் சிலையொன்றைச் செய்வித்தது. சிலையின் உரிமை யாருக்கு என்று பின்னர் பிணக்கு எழுந்தது. தம் சொந்தக் கூடத்தில், தம் கருவிகளால், தம் நேரத்தில் வேலை செய்த அவர் அச்சங்கத்தின் ஊழியர் அல்லர் என 1989 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே அப்படைப்பு, ஊழியரின் படைப்பைப் போலத் தானாகவே சங்கத்தின் சொத்தாகவில்லை. முகவர் அனுப்பப் பிறர் கூடத்தில் அமரும் கலைஞருக்கு இவ்வனுகூலம் எளிதிற் கிட்டாது. முதல்நாள் கையொப்பமிடும் தாளிலேயே படைப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடுவோர் பலர். அத்தாளை வாசித்தபின் ஒப்பமிடுவோர் எத்துணைப் பேர்?

அரசுகள் வாளாவிருக்கவில்லை. பிரித்தானியாவில் 2011 ஒக்ரோபர் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, முகவர் வழி வந்த தொழிலாளர் ஒரே பணியில் பன்னிரண்டு வாரம் நிறைவு செய்தால், அவ்விடத்து ஊழியருக்குரிய அடிப்படைச் சம்பளத்திற்கு உரியவராவர். நியூயோர்க் நகரில் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், முகவரின்றி நேரே வேலை ஏற்கும் சுயாதீனத் தொழிலாளரைக் காக்கின்றது. 800 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்றும், வேறு தவணை குறிக்கப்படாவிடில் வேலை முடிந்து முப்பது நாளுள் பணம் தரவேண்டும் என்றும் அது விதிக்கின்றது.

ஆயினும் சட்டம் தூங்குபவரை எழுப்பி உரிமையைக் கையில் வைப்பதில்லை. ஆகவே முகவரை நாடும் கலைஞர் மூன்று வினாக்களை முதலிலே கேட்டல் நன்று. எனக்குச் சம்பளம் தருபவர் யார், எந்நாளில்? நான் ஆக்குவது யாருடையது. என் ஆக்கத் தொகுப்பில் அதனைக் காட்டலாமா? இந்த வேலை முடிந்தபின் இந்நிறுவனம் நேரே என்னை அழைத்தால் ஏதேனும் தடை உண்டா? இம்மூன்றாவது வினாவைப் பலர் மறக்கின்றனர். நேரே அமர்த்தும் நிறுவனம் முகவருக்குப் பணம் செலுத்தவேண்டும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு.

முகவர் நிலையம் ஆற்றைக் கடக்க உதவும் ஓடம் போன்றது. ஓடக்காரருக்கு உரிய கூலியைத் தயங்காது கொடுக்கலாம். ஆனால் அக்கரை சேர்ந்தபின் நடக்கவேண்டியவர் பயணியே. வாரச் சம்பளத்தை முகவர் தேடித் தருவார்; நற்பெயரைத் தேடித் தரமாட்டார். செய்த வேலையின் பிரதியொன்றைப் பேணுதல், உடன் பணியாற்றியோரின் நல்லெண்ணத்தைக் காத்தல், வேலை இல்லாத மாதத்திற்கென ஒரு பங்கைச் சேமித்தல் என்பன கலைஞர் தாமே செய்யவேண்டியவை. அவற்றைச் செய்பவருக்கு முகவர் துணை. செய்யாதவருக்கு அவர் மற்றுமோர் எசமானர். ஈட்டியைப் பிறருக்காக ஏந்தலாம். அதன் பிடி தன் கையில் இருக்கும் வரையிலேயே வீரன் சுயாதீனன்.