வீட்டைச் சூழ்ந்த நிலம்



வீடு கட்ட முற்படுவோர் அறைகளின் அளவையும் வாயிலின் திசையையும் பற்றிப் பல நாள் ஆலோசிக்கிறார்கள். சுவருக்கு வெளியே எஞ்சும் நிலத்தைப் பற்றியோ கட்டட வேலை முடிந்த பின்னரே நினைக்கிறார்கள். அறைகள் இரவில் குளிருமா, கிணறு கோடையில் வற்றுமா என்பவை அந்த நிலத்தையும் பெரிதும் பொறுத்தவை. ஆதலால் அதனையும் வீட்டின் ஒரு பகுதியாகக் கருதித் திட்டமிடுதல் நலம்.

நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பு இந்நாட்டை ஐந்து சீதோஷ்ண மண்டலங்களாகப் பிரிக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்தில் சென்னை, மும்பை, கொல்கத்தா, திருவனந்தபுரம் ஆகியவை அடங்கும். இங்கெல்லாம் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. இராஜஸ்தானத்தின் வறண்ட வெப்பத்தில் நிழலே பெரும் ஆறுதல். கடலோர நகரங்களில் நிழலோடு காற்றோட்டமும் சேர்ந்தால்தான் உடல் குளிரும்.

ஆகவே, காற்று வரும் வழியை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சென்னையில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வீசும். மும்பையில் மேற்கிலிருந்து வீசும். அத்திசையில் சன்னலை ஒட்டி அடர்ந்த புதர்களை வளர்த்தால் காற்று தடைப்படும், புழுக்கமும் பெருகும். அங்கே நெடிய தண்டும் உயர்ந்த தலையும் உடைய தென்னை, கமுகு போன்றவை ஏற்றவை. அவற்றின் ஓலைகள் மேலே நிழல் தர, கீழே காற்று தங்குதடையின்றிச் செல்லும்.

அடுத்தது வெயில். நண்பகலில் உச்சியில் நிற்கும் கதிரவன் கூரையைச் சுடுகிறான். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து நின்று கிழக்கு, மேற்குச் சுவர்களைச் சுடுகிறான். பகலெல்லாம் காற்று சூடேறிய பின்னர் வருவதால் மாலை வெயிலே மிகக் கொடியது. மேற்கில் இடமிருப்பின் வேம்போ புங்கமோ வைக்கலாம். மும்பையைப் போல் வெயிலும் காற்றும் ஒரே திசையிலிருந்து வருமிடத்தில், மரத்தின் தாழ்ந்த கிளைகளை நீக்கி, அடிப்புறத்தைத் திறந்து விடுதல் தகும். புயல் வீசும் கரைகளில் எளிதில் முறியும் குல்மொகர் போன்றவற்றை வீட்டருகே தவிர்த்தல் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை நாம் மறத்தற்கில்லை.

மூன்றாவதாகிய நீரே அனைத்திலும் முக்கியமானது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே சென்னை, 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு குடிநீருக்குத் தவித்தது. இவ்விரு துன்பங்களுக்கும் காரணங்கள் பல. எனினும் மழைநீரைப் பருக மண்ணுக்கு இடந்தராத முற்றங்களுக்கும் அவற்றில் பங்குண்டு. நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் நீர் விழுகிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். ஒரு பகுதி ஆவியாகவும் கழிவாகவும் போயினும், எஞ்சுவது ஒரு குடும்பத்திற்குப் பெருஞ்செல்வமன்றோ! தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்பு சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. குழாயைப் பொருத்துவதோடு கடமை முடிந்துவிடாது. வடிகட்டும் குழியின் மணலையும் சரளைக்கல்லையும் மழைக்காலத்திற்கு முன் தூய்மை செய்தல் இன்றியமையாதது.

முற்றம் முழுவதும் சிமெண்டு பாவுவதை விடுத்து, நடைபாதைக்கு வேண்டிய அளவு மட்டும் கல் பரப்பி, மற்றதை மண்ணாகவே விடலாம். சிமெண்டுத் தளம் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் வெளியிடும். புல்தரையோ கோடையில் மிகுந்த நீர் கேட்கும். உதிர்ந்த இலைகளை எரிக்காமல் மரத்தடியில் பரப்பினால் ஈரம் காக்கப்படும். மண்ணும் வளம் பெறும். கேரளத்து உழவர்கள் தேங்காய் உரிமட்டைகளைத் தென்னையைச் சுற்றிப் புதைப்பதும் ஈரம் காப்பதற்கே. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும் சேம்புக்கும் போகட்டும். ஆனால் எங்கும் தேங்கி நிற்கலாகாது. ஒரு வாரம் தேங்கிய நீர் கொசுவைப் பெருக்கப் போதுமானது. தொட்டிகளுக்கு மூடியோ வலையோ வேண்டும்.

சிறு நிலத்தில் இத்தனையும் இயலுமா எனச் சிலர் வினவலாம். கேரள வீட்டுத் தோட்டங்களைக் காண்க. மேலே தென்னையும் பலாவும், இடையே வாழை, மரத்தைப் பற்றி மிளகுக்கொடி, அடியில் இஞ்சி, மஞ்சள், சேனை என ஒரே நிலம் பல அடுக்குகளாகப் பயன்படுகிறது. நகரத்துச் சிறு மனையிலும் ஒரு முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் இடம் காணலாம்.

செடி வாங்கப் புறப்படுமுன் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் நிலத்தைக் கவனியுங்கள். மாலை நான்கு மணிக்கு எந்தச் சுவர் சுடுகிறது, எந்தச் சன்னலில் காற்று வருகிறது, எந்த மூலையில் நீர் நிற்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மரத்தை எங்கே நடுவது, எவ்விடத்தைத் திறந்து விடுவது என்பதை அக்குறிப்பைக்கொண்டே முடிவு செய்யலாம்.